கல்யாண வீடியோவுக்கு ஆள் பேசும் முன்

கல்யாண வீடியோ பேசப் போகும் வீடுகளில் முதலில் கேட்பது "பேக்கேஜ் எவ்வளவு?", அடுத்தது "ட்ரோன் உண்டா?". இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: முகூர்த்தத்தன்று மணவறைக்கு முன்னால் கேமராவோடு நிற்கப்போவது யார்?

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் நல்ல வளர்பிறை முகூர்த்தம் வந்தால் ஊரில் ஒரு மண்டபம் காலியாக இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் தொழிலே இல்லை; புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆர்டர் வந்தால் ஸ்டூடியோக்காரர்கள் எதையும் விடுவதில்லை. தங்கள் ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள், போதாத இடத்துக்கு வெளியாளை நாள் சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வருபவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பார்த்துப் பிடித்துப்போன வீடியோவை எடுத்தவர் ஒருவர், உங்கள் மண்டபத்துக்கு வருபவர் வேறொருவர் என்றால் அது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும். வரப்போகிறவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் கையால் எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முழு வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். நான்கு நிமிட ஹைலைட்ஸ் என்பது இரண்டு நாள் எடுத்ததில் தேறிய மிகச் சிறந்த துண்டுகளைப் பொறுக்கி, மேலே ஒரு பாட்டைப் போட்டது. சுமாராக எடுத்தவரிடமும் நான்கு நிமிடத்துக்கு நல்ல துண்டுகள் கிடைத்துவிடும். இரண்டு மணி நேர வீடியோவில் ஒளிய இடமில்லை. நேராக முகூர்த்தப் பகுதிக்குப் போங்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். மந்திரம் தெளிவாகக் கேட்கிறதா? கெட்டிமேளம் கொட்டும்போது ஒலி கரகரவென்று உடைகிறதா? தாலி கழுத்தில் ஏறுவது தெரிகிறதா, அல்லது மாப்பிள்ளையின் முதுகும் நாலு பேர் கையும்தான் தெரிகிறதா? மணப்பெண்ணின் முகம் ஒரு காட்சியில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் மாறுகிறதா? இந்த நான்கிலும் தேறினால் அவர் நம்பத் தகுந்தவர். அதிகாலை முகூர்த்தம் என்றால் அதிகாலைக் கல்யாணத்தையே காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் வரும் பத்தரை மணி முகூர்த்தமும், இருட்டு விலகாத நாலரை மணி முகூர்த்தமும் கேமராவுக்கு ஒன்றல்ல.

இப்போது பேக்கேஜ்களில் 'டிரெடிஷனல்', 'கேண்டிட்' என்று இரண்டு வகை வரும். டிரெடிஷனல் ஆள் சடங்குகளை வரிசையாக, நிறுத்தாமல் எடுப்பார். கேண்டிட் ஆள் முகபாவங்களையும் சின்னச் சின்னக் கணங்களையும் தேடிப் பிடிப்பார். ஹைலைட்ஸும் ரீல்ஸும் அவர் எடுத்ததிலிருந்துதான் வரும். இளையவர்கள் கேண்டிட்டைக் கேட்கிறார்கள், டிரெடிஷனலைச் செலவு மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்கிறார்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், என் கணிப்பில், நல்ல ஒலியோடு கூடிய டிரெடிஷனல் வீடியோவைத்தான் எடுக்க வேண்டும். ஹைலைட்ஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி முடித்த பிறகு அதற்கு வேலை குறைவு. பந்தியில் பரிமாறிய பெரியப்பா, முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிய பாட்டி, சம்பந்திகள் கைகூப்பி வரவேற்றது, இதெல்லாம் நீளமான வீடியோவில் மட்டுமே இருக்கும். நீளமானதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒரு ஹைலைட்ஸ் வெட்டிக்கொள்ளலாம். ஹைலைட்ஸிலிருந்து நீளமானதைச் செய்ய முடியாது.

ஒலி பற்றிப் பேச்சு எடுத்தால் பல வீடியோக்காரர்கள் "கேமராவிலேயே மைக் இருக்கே" என்பார்கள். அந்த இடத்தில் சற்று நின்று விசாரியுங்கள், ஏனென்றால் நம் கல்யாணத்தின் ஒலி மிகக் கடினமானது. அரை மணி நேரம், சடங்கை நடத்தும் வாத்தியார் மெல்லிய குரலில் மந்திரம் சொல்வார். கேமரா தானியங்கி அளவில் இருந்தால் அந்த மெல்லிய குரலுக்காக ஒலி அளவைத் தானே ஏற்றி வைத்துக்கொள்ளும். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரே நொடியில் முழங்கும். ஏற்கெனவே ஏறியிருந்த அளவில் அது உச்சத்தைத் தாண்டி உடைந்து பதிவாகும். அப்படி உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. தாலி கட்டும் அரை நிமிடம்தான் கெட்டுப்போவது, வேறெதுவும் இல்லை.

இதற்குத் தீர்வு சிரமமானதல்ல. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில் மேளம் வாசிக்கும்போதே ஒலி அளவைக் கையால் அமைத்துப் பார்த்துவிட வேண்டும். மீட்டரில் பூஜ்யம்தான் ஒலி உடையும் எல்லை; தவிலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குள் நின்றால் பாதுகாப்பு. இரண்டு தடங்களில் பதிவு செய்யும் கருவியானால் ஒன்றை 10 முதல் 20 டெசிபல் தாழ்த்தி வைக்கலாம். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் அளவு தவறினாலும் பின்னால் மீட்க முடியும். வாத்தியார் கையில் மண்டபத்து மைக் இருந்தால் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயரை ரெக்கார்டருக்கு எடுத்துவிடலாம். அதற்கு முதல் நாளே அவரிடம் சொல்லி வைக்க வேண்டும், காலையில் போய் நின்றால் வயர் இருக்காது.

காலர் மைக்கை மாப்பிள்ளைக்குக் குத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் முகூர்த்தத்தில் சட்டை இல்லை, அங்கவஸ்திரம்தான். மேலே கனமான மாலை. மாலை உரசும் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதைவிட வாத்தியாருக்கு மாட்டுவதே பயன் தரும், சடங்கு முழுவதும் அவர் குரலில்தான் நகர்கிறது. வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். ஆயிரம் பேர் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆடையில் குத்தும் பாகத்திலேயே தனியாகப் பதிவாகும் வகை மைக் இருந்தால் கவலை இல்லை.

அடுத்து கேமரா நிற்கும் இடம். குறைந்தது மூன்று கேமரா, இரண்டு ஆள். மூன்றாவதுக்கு ஆள் வேண்டாம். ஏழெட்டு அடி உயர ஸ்டாண்டில் மண்டபத்தின் நடுவிலிருந்து மணவறை முழுவதும் தெரியும்படி வைத்து, முகூர்த்தத்துக்கு முக்கால் மணி முன்பே ஓடவிட்டால் போதும். அதில் கலைநயம் ஒன்றும் இருக்காது. ஆனால் மற்ற இரண்டும் தவறவிடும் ஒவ்வொன்றையும் அது பிடித்து வைத்திருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பல, 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்க விதி வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி கூட்டியதால் தயாரிப்பாளர்கள் வைத்த கட்டுப்பாடு அது. ஆளில்லாத ஸ்டாண்டில் அப்படிப்பட்ட கேமரா நின்றுபோனால் யாருக்கும் தெரியாது.

முதல் கேமரா மணமக்களுக்கு எதிரே, சற்றே ஓரமாக, தாழ்வாக இருக்க வேண்டும். அவர்கள் மணையில் தரையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும். இரண்டரை அடி உயரத்தில் ட்ரைபாட் வைத்தால் கண்ணுக்குக் கண் நேராக இருக்கும். ஹோமப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப் பக்கம் நிற்க வேண்டும், மண்டபத்து மின்விசிறிதான் இதைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேமரா தாலி முடிச்சுக்கு. எதிரிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை குனிந்ததும் அவர் தோளும் மாலையும் மணப்பெண்ணின் கழுத்தை மறைத்துவிடும். முடிச்சுப் போடுவது கழுத்துக்குப் பின்னால். நாத்தனார் முடிச்சுப் போடும் கையும் பின்னால்தான். ஆகவே ஓர் ஆள் மணவறையின் பின்பக்கம், மாப்பிள்ளையின் பக்கவாட்டில் பத்து நிமிடம் முன்பே போய் இடம் பிடித்திருக்க வேண்டும். அட்சதையோடு உறவினர்கள் எழுந்து நெருங்கிய பிறகு உள்ளே நுழைய முடியாது. பெண்ணைத் தகப்பனார் மடியில் அமர்த்தித் தாலி கட்டும் வழக்கமுள்ள வீடுகளில் உயரமும் கோணமும் மாறும், அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

போட்டோக்காரரும் வீடியோக்காரரும் வெவ்வேறு நிறுவனமாக இருந்தால் இந்த இடத்தில்தான் மோதல் வரும். போட்டோக்காரர் வைட் லென்ஸோடு மணவறைக்குள்ளேயே ஏறி நிற்பார், வீடியோ முழுவதும் அவர் முதுகு. ஒரே குழுவாக அமர்த்துவது எளிய வழி. முடியாவிட்டால் முதல் நாள் மாலை இருவரையும் மண்டபத்துக்கு வரவழைத்து, யார் எங்கே என்று வீட்டார் ஒருவர் முன்னிலையில் பேசி முடிக்க வேண்டும். "ஐயரே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, இன்னொரு தடவை" என்று எந்தக் கேமராக்காரரும் சடங்கை நிறுத்தக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீடியோவுக்காக முகூர்த்த நேரத்தைத் தள்ளுவது வீட்டாருக்கும் வாத்தியாருக்கும் செய்யும் அவமரியாதை.

ஸ்லோ மோஷன் ஆசையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பல கேமராக்களில் அந்த முறையில் எடுத்தால் ஒலியே பதிவாகாது. தாலி கட்டுவதை இரண்டு கேமராவும் ஸ்லோ மோஷனில் எடுத்துவிட்டால், கெட்டிமேளம் இல்லாத மாங்கல்யதாரணம்தான் மிஞ்சும். பிறகு வேறொரு பதிவிலிருந்து மேளத்தை எடுத்து ஒட்டுவார்கள். முதல் கேமராவும் நடு ஸ்டாண்டு கேமராவும் சாதாரண வேகத்தில், ஒலியோடு ஓட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் எடுத்து, ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி படும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் குழல்விளக்கும் சாதாரண எல்இடியும் மினுக்காது. 30 ஃபிரேமில், 1/60 ஷட்டரில் எடுத்தால் வரி வரியாக ஓடும். வரவேற்பு மேடையின் பின்னால் எல்இடி திரை வைப்பதாக இருந்தால் கோடுகள் ஷட்டரைச் சரிசெய்தாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். திரையின் பிரகாசத்தைக் குறைத்து, மணமக்களை அதிலிருந்து ஆறேழு அடி முன்னால் நிறுத்துவது உதவும். மணவறையில் மஞ்சள் சீரியல் லைட், மேலே வெள்ளைக் குழல்விளக்கு, பக்கத்தில் ஊதா அலங்கார விளக்கு என்று மூன்றும் கலந்தால் முகநிறம் எந்த எடிட்டிங்கிலும் சரிவராது. டெக்கரேஷன்காரரிடம் முகூர்த்த நேரத்தில் கலர் விளக்குகளை மட்டும் அணைக்கச் சொன்னால் போதும், காசு செலவில்லாத திருத்தம்.

ட்ரோன் பற்றி என் கருத்து: பெரும்பாலான மண்டபக் கல்யாணங்களுக்கு அது வேண்டியதில்லை. ஊர்வலம், தோப்பில் பந்தல், கடற்கரை வரவேற்பு என்றால் பொருள் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிகளில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டை மண்டபங்களில் ட்ரோன் பேக்கேஜ் விற்பவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். மணவறைக்கு அருகே பறக்கவிட்டால் அதன் இரைச்சல் நாதஸ்வரத்தின் மேல் ஏறிவிடும்.

கோயிலில் கல்யாணம் என்றால் முதலில் கோயில் அலுவலகத்துக்குப் போங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்கே தடை. கேமராவுக்குச் சீட்டு உண்டா, எந்த மண்டபம் வரை எடுக்கலாம், ட்ரைபாட் அனுமதி உண்டா என்பது ஒவ்வொரு கோயிலுக்கும் வேறுபடும். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகே போகலாம் என்பதை போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டுக்கொள்வது வழக்கம். நிக்காஹ்வில் பெண்கள் பகுதிக்குப் பெண் வீடியோகிராபர் வேண்டும். அவர்கள் குறைவாகவே இருப்பதால் அவர்களை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள். சுயமரியாதைத் திருமணத்தில் உறுதிமொழியும் மாலை மாற்றுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், மீதி முழுவதும் வாழ்த்துரை. அங்கே ஒலிதான் வீடியோ. மேடை மைக்கிலிருந்து நேரடி வயர் இல்லாமல் அந்தக் கல்யாணத்தை எடுக்கவே கூடாது.

எந்தச் சமூகமானாலும் சடங்கு வரிசையை வீட்டார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நகரத்தார் வீட்டில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவதும், கொங்குக் கல்யாணத்தில் சடங்கை நடத்தும் அருமைக்காரர் செய்யும் சீர்களும் வெளியூர் வீடியோக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு தாளில் நேரமும் சடங்கும் அதில் முக்கியமான உறவும் இருக்கட்டும்: "5.10, தாய்மாமன் மாலை, இரண்டு பேர்" என்கிற மாதிரி. பெண் வீட்டிலிருந்து ஒருவர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் என்று உறவு தெரிந்த இரண்டு இளைஞர்களைக் கேமராக்காரரோடு விட்டுவிடுங்கள். "அதோ, அந்தப் பச்சைப் புடவைதான் பெரிய அத்தை" என்று காட்ட ஆள் இல்லாவிட்டால், பளிச்சென்று உடுத்தி முன்னால் உட்கார்ந்தவர்களே வீடியோ முழுவதும் வருவார்கள்.

வந்த குழுவுக்குப் பூட்டு உள்ள ஓர் அறை, சார்ஜ் போட நாலு பிளக் பாயின்ட், முதல் இரண்டு பந்திக்குள் சாப்பாடு, இந்த மூன்றையும் கட்டாயம் கொடுங்கள். வரவேற்பு முடிய இரவு பதினொன்றரை ஆகும், மூன்றரைக்கு மறுபடி கேமராவைத் தூக்க வேண்டும். தூங்காத ஆள் செய்யும் தவறு ஒன்று உண்டு: இரவு நகல் எடுக்காத மெமரி கார்டைக் காலையில் காலி என்று நினைத்து ஃபார்மட் செய்வது. வரவேற்பு முழுவதும் இப்படித்தான் காணாமல் போகிறது. இதற்கு எதிரான காப்பு, போதுமான கார்டுகள். 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் வரும். மூன்று கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. இவ்வளவுக்கும் கார்டு வைத்திருக்கிறாரா, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவா, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் ஆகும் வரை கார்டை அழிக்காமல் வைப்பாரா என்று கேளுங்கள். நல்ல தொழில்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், உற்சாகமாகப் பதில் சொல்வார்.

வெளிநாட்டு உறவினருக்காக நேரலை வேண்டுமென்றால், மண்டபத்தில் முதல் நாள் அதே நேரத்தில் அப்லோட் வேகத்தைச் சோதியுங்கள். 1080பி நேரலைக்கு வினாடிக்கு 10 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் நிம்மதி. கூட்டம் சேர்ந்ததும் கைபேசி கோபுரம் நெரிசலாகும், ஆகவே இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் தயாராக இருக்கட்டும். புதிய யூடியூப் கணக்கில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இதை அன்று காலையில் கண்டுபிடிப்பவர்கள் பலர்.

இனி எழுத்து. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: வரும் ஆட்களின் எண்ணிக்கையும் பெயரும், நேரம், கேமரா எண்ணிக்கை, முழு வீடியோவின் நீளம், திருத்தம் எத்தனை முறை, கொடுக்கும் தேதி, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா (பதிவு செய்த நிறுவனமானால் 18 சதவீதம்), பயணச் செலவு, வீடியோக்காரருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் மாற்று ஆள் யார். பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம். கடைசி கால் பங்கையாவது முழு வீடியோ கைக்கு வந்த பிறகே கொடுப்பது நல்லது. தாமதம் எப்போதும் ஸ்டூடியோவால் வருவதில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தராமல் வீட்டார் மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு, அந்தத் தேதியையும் எழுதுங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்த வீடியோவின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில். அந்த 'வேறு ஒப்பந்தம்' சின்ன எழுத்தில் இருக்கும். "எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்ற வரி பிடிக்கவில்லையென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கல்யாணத்தில் சினிமாப் பாட்டு ஒலிக்கவிட்டதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு; அதே பாட்டை வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவதை அந்த விலக்கு காக்காது, ஒலி முடக்கப்படலாம். உங்கள் வீட்டு நாதஸ்வரக்காரர் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையையே பின்னணியாக வைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் கல்யாணத்தின் இசை, எந்தப் பாட்டையும்விட அழகாக உட்காரும்.

வாங்கும்போது மூன்று வடிவில் வாங்குங்கள். டிவியில் போட 1080பி எச்.264 கோப்பு, பத்திரப்படுத்த 4கே கோப்பு, எடிட் செய்யாத மூலப் பதிவுகள் முழுவதும். மூலப் பதிவுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம். அவை வெளிறிச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பின்னால் நிறம் கொடுப்பதற்கென்றே வெளிறப் பதியும் 'லாக்' முறையில் எடுத்தவை அப்படித்தான் இருக்கும். நிறம் கொடுத்த நகலாகவும் கேட்கலாம். பென் டிரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அதனால்தான் சில வீடியோக்கள் துண்டு துண்டாக வருகின்றன. கடைசித் தவணை கொடுக்கும் முன் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: பெயர்கள் பத்திரிகையில் உள்ளபடி இருக்கின்றனவா, ஒலி உதட்டசைவோடு பொருந்துகிறதா, இரு வீட்டுத் தாத்தா பாட்டிகளும் வருகிறார்களா என்று. இன்னொரு நகலை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வீடியோவைத் தராமல் இழுத்தடிப்பவர் மீது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒப்பந்தமும் பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்ஆப் உரையாடலும் அங்கே ஆதாரம், ஆகவே முன்பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.